நல்லாப் பேசினவர்

சப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டு மூன்று மாதமாகியிருந்தது. வெள்ளவத்தையில் ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டுக்கு வந்த பாலேஸ்வரி கதிரை நுனியில்தான் இருந்தாள். பிந்திப் போனால் வீட்டுக்கார மாமி பேசுவாவாம்.

ஸ்ரீஸ்கந்தராசா இருபது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். இப்போது பிறர் சிக்கலை அவிழ்ப்பவர். கூடமாட நிற்கும் இராமர் கொட்டாஞ்சேனைக்காரன், பூர்வீகம் புதுக்கோட்டை. கதை முடியுமுன்பே குற்றவாளியைப் பிடித்துவிடுகிற அவசரக்குடுக்கை.

பாலேஸ்வரி விதவை. அவளுக்குச் சோறு போடும் தையல் மெசின் யாழ்ப்பாணத்திலிருந்து சரக்கு ரயிலில் வந்திருந்தது. வந்த அன்றே போய் விசாரித்தாள். மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு ஐந்தாம் நாள் போனாள். தவணை தாண்டிவிட்டது என்று மெசினைத் தரவில்லை. முன்பு எடுக்காத சரக்கைப் பத்து நாள் வைத்திருப்பார்கள். யுத்த நெருக்கடியில் அதை மூன்றாகக் குறைத்துவிட்டார்களாம். சனிக்கிழமை மெசின் ஏலத்துக்குப் போகிறது.

ரயில்வே தன் கட்டணத்தையும் நிபந்தனைகளையும் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும்; முடியாவிட்டால் குமாஸ்தா வாயால் சொல்லவேண்டும். அறிவிக்காத நிபந்தனை செல்லாது. பலகையை மண்மூட்டைகள் மறைத்திருந்ததை நிலையத்தாரே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மூன்று நாள் என்று தானே சொன்னதாகக் குமாஸ்தா றேமண்ட் சத்தியம் செய்தார். ரயில்வே விசாரணையில் பாலேஸ்வரி கொடுத்த வாக்குமூலமும் அவர் பக்கமே நின்றது: ‘ஆம், என்னோடு விரிவாகப் பேசினார்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே அவள் கையெழுத்து.

“அவரு பேசுனாருன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களேம்மா,” என்றான் இராமர்.

“ஓம். நல்லாப் பேசினவர்,” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இராமருக்கு எரிச்சலே வந்தது. ஒத்துக்கொண்டும் அழுகிறாளே, இவளை என்ன செய்வது? ஸ்ரீஸ்கந்தராசாவோ வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். மதுரைப் பக்கம் என்றாள்.

மறுநாள் விசாரணை அதிகாரியின் அறையில் எல்லோரும் கூடினார்கள். தமிழில் கேட்ட கேள்வி என்ன என்று ஸ்ரீஸ்கந்தராசா மொழிபெயர்ப்பாளரை விசாரித்தார்.

“குமாஸ்தா ஐயா உங்ககிட்ட பேசினாரான்னு கேட்டேன். ‘ஓம், நல்லாப் பேசினவர்’னாங்க.”

“அங்கைதான் பிழை,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “யாழ்ப்பாணத்திலை நாங்கள் கதைக்கிறனாங்கள். பேசுறதெண்டால் ஏசுறது. நீர் கேட்டது ஒண்டு, இவவுக்கு விளங்கினது வேறை.”

இராமருக்குச் சுருக்கென்றது. மாமி பேசுவா என்றாளே! அதைக் காதில் வாங்கியும் கோட்டைவிட்ட வெட்கத்தில் தலைகுனிந்தான்.

ஏச்சோடு நிபந்தனையையும் சொல்லியிருக்கலாமே என்றார் அதிகாரி. நியாயமான கேள்விதான். ஸ்ரீஸ்கந்தராசா பாலேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

“ஏன் பிள்ளை பேசினவர்?”

“எத்தினை நாள் வைச்சிருப்பியள் எண்டு கேட்டனான். வேலை நேரத்திலை கரைச்சல் குடுக்காதை, போ எண்டு பேசினவர். வேறொண்டும் சொல்லேல்லை.”

அதிகாரி றேமண்டைப் பார்த்தார். றேமண்ட் மறுக்கவில்லை, அன்றைக்குச் சரக்கு மலைபோல் குவிந்து கிடந்தது என்று முணுமுணுத்தார். ஏலம் நின்றது. மெசினை விடுவிக்கும் தாளை றேமண்டே எழுதி நீட்டினார்.

பாலேஸ்வரி பேனையைத் தொடவில்லை.

“இதிலை என்ன எழுதியிருக்கு? வாசியுங்கோ.”

அதிகாரி தலையசைத்தார். றேமண்ட் எழுந்து நின்று, உடைந்த தமிழில், ஒரு வரி விடாமல் வாசித்தார். வாசித்து முடிந்தபிறகுதான் அவள் கையெழுத்து வைத்தாள்.