மல்லாந்து விளையாடுகிறவன்

மழைக்கு ஒதுங்கினாள், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் மருந்துக்கடை இருக்க, எதிரில் துணிக்கடை இருக்க, அவள் கால் மட்டும் நேராக எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் போய், கேம் மெஷின்கள் வைத்திருந்த மூலையில் நின்றது மழையின் குற்றமில்லை.

நான்கு கம்பெனிகளின் மெஷின்கள் அங்கே வரிசையாக இருந்தன. எல்லாமே கையில் பிடித்தும் ஆடலாம், வீட்டுக்குப் போய் ஸ்டாண்டில் செருகி டிவியிலும் ஆடலாம் என்கிற ரகம். யாரும் தூக்கிக்கொண்டு ஓடிவிடாமல் ஒவ்வொன்றையும் சுருள் வயரால் மேஜையோடு கட்டியிருந்தார்கள். கடைசியில் இருந்த கருநீல மெஷின் அவளுடையது. அவள் வாங்கியதல்ல... அவள் செய்தது! அதன் உடலை, பிடியை, எடையை எல்லாம் வடிவமைத்த இன்ஜினியர் அவள். இன்னும் விற்பனைக்கு வராததால் பார்வைக்கு மட்டும் வைத்திருந்த சாம்பிள் மெஷின் அது. யார் எடுக்கிறார்கள், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஒளிந்து நின்று பார்ப்பது, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு மதில்மேல் எட்டிப் பார்க்கிற தாயின் கதைதான்.

ஒருவன் வந்தான். மற்ற மூன்றையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கருநீலத்தை எடுத்தான். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்து அவன் செய்த காரியத்தில் குளிர்ந்த நெஞ்சு கொதித்தது. பக்கத்தில் கிடந்த சோபாவில் ஷூவைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தான். வயர் விறைக்க விறைக்க மெஷினை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினான்.

"ஹலோ! இது கடை. உங்க வீட்டுப் படுக்கையில்ல."

"தெரியும்ங்க" என்றான் அவன், தலையைத் திருப்பாமலே. "என் வீட்டுப் படுக்கை இவ்ளோ மெத்துன்னு இருக்காது."

"எழுந்திருங்க. வயர் அந்துடும்."

"ஒரு நிமிஷம்... இந்த டிராகனை மட்டும் முடிச்சிட்டு..."

டிராகன் சாகவில்லை. மெஷின் கைநழுவி நேரே அவன் மூக்கில் இறங்கியது. வயர் பிடுங்கிக்கொள்ள, கடை முழுக்க அலாரம் அலறியது. கடைக்காரர் ஓடி வந்தார். எங்கோ ஒரு குழந்தை கைதட்டியது.

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். வலியில் நீர் முட்டிய கண்கள்... வெளியே கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்த மழை உள்ளேயும் கொஞ்சம் வந்துவிட்டது போல. அந்த நீருக்குள்ளிருந்து அவை சிரித்தன. அடி வாங்கியவன் எதற்காகச் சிரிக்கிறான்? அதைப் பார்த்து நான் ஏன் திட்டுவதை நிறுத்திவிட்டேன்? சே!

"பாத்தீங்களா? மேல்பக்கம் கனம் ஜாஸ்தி. நாலுலயும் இதுதான் நல்ல மெஷின். ஆனா மூக்கை உடைக்குது."

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல. மனுஷன் மாதிரி உக்காந்து ஆடணும்."

"நாள் பூரா வேலையில உக்காந்துட்டு வர்றவன் வீட்டுக்கு வந்தும் உக்காருவானா? படுத்துக்கிட்டுத்தாங்க ஆடுவான்."

"எத்தனை பேரை வச்சு டெஸ்ட் பண்ணோம் தெரியுமா?"

"பண்ணோமா?" அவன் கண்கள் அகன்றன. "அப்போ நீங்க..."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய் முந்திக்கொள்வது அவளுக்குப் பிறவிக் குணம்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்கு ஒரு நோய் உண்டு. யாராவது தப்பு என்றால், கையிலிருக்கும் விடைத்தாளையே பிடுங்குகிறார்கள் என்று தோன்றும். சண்டைக்கு நிற்பாள். ஆனால் அன்று நிற்க முடியவில்லை. டெஸ்ட் செய்த அறை கண்முன் வந்துவிட்டது. மேஜை, நாற்காலி, மேஜை, நாற்காலி... வந்தவர்கள் எல்லோரும் பரீட்சை எழுதுகிறவர்கள் போல நிமிர்ந்து உட்கார்ந்து ஆடிவிட்டு, "சூப்பர்" என்று சொல்லிப் போனார்கள். அந்த அறையில் ஒரு தலையணைகூடக் கிடையாது!

மழை விடுவதாக இல்லை. கடை வாசலில் இருந்த டீ மெஷினில் அவன் இரண்டு டீ பிடித்து வந்தான். கேட்காமலே கொடுத்தான். கோபம் இருந்தும் வாங்கிக்கொண்டாள்.

"என்ன வேலை பாக்குறீங்க, நீங்க?"

"கணக்கு வாத்தியார்."

"அதான் குறை கண்டுபிடிக்கிறீங்க."

"ஏங்க, உங்க மெஷின் மேல உங்களுக்கு இவ்ளோ பயம்?"

பயமா? எனக்கா? என்று சீறப் போனவள், ஏனோ உண்மையைச் சொன்னாள். அவர்களுடையது சின்னக் கம்பெனி. போட்டிக்கு நிற்பவை யானைகள். ஒருவன் ஸ்கிரீனைப் பெரிதாக்குகிறான், ஒருவன் விலையைக் குறைக்கிறான். கேம் ரசிகர்களோ யானை அளவு ஸ்கிரீன் வேண்டும், எலி அளவு எடை வேண்டும், விடிய விடிய சார்ஜ் நிற்க வேண்டும் என்கிறார்கள். முதல் மெஷின் மண்ணைக் கவ்விவிட்டது. இந்த இரண்டாவதும் கவ்வினால் கேம் பிரிவையே மூடிவிடுவார்கள். அவள் வேறு எங்காவது போய் மிக்சிக்கு மூடி வடிவமைக்க வேண்டியதுதான்.

"எல்லாம் ஒருத்தனால. 'மூணு மார்க்'குன்னு பேர் வச்சுக்கிட்டு இன்டர்நெட்ல விமர்சனம் எழுதுறானே, மூஞ்சியே காட்ட மாட்டானே, அந்த ஆளு. எங்க முதல் மெஷினுக்குப் பத்துக்கு மூணு போட்டான். மறுநாளே ஊர் பூரா அதையே பாடுச்சு. என் கையில மட்டும் கெடைச்சான்..."

வாத்தியாருக்குப் புரை ஏறியது. தலையில் தட்டலாமா என்று போன கையை அவள் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆபீசில் மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். வெளியீட்டுக் கெடுவைத் தவிர வேறெதையும் பேசாததால் அவருக்குக் 'கெடு சார்' என்று பெயர்.

"சார், கொஞ்சம் கீழ படுங்க."

"என்னம்மா சொல்ற?"

"படுங்க சார். மல்லாந்து."

பட்டாசு என்று ஆபீசே பெயர் வைத்திருந்த பெண் அவள். வெடிப்பதற்குள் படுத்துவிடுவது நல்லது என்று கெடு சார் படுத்தார். கையில் மெஷினைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் "ஐயோ" என்று ஒரு சத்தம். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம், கெடு சார் ஒரு பக்கம்.

"தப்பு என்னோடது சார்" என்றாள். அந்த மூன்று சொற்களைச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது. "பின்மூடியை மாத்தணும். விரல் பதியுற மாதிரி கீழ ஒரு மேடு. கனம் உள்ளங்கைக்கு வந்துடும்."

"மாத்திக்கோ." அவர் மூக்கைத் தடவினார். "ஆனா தேதி மாறாது. அதே வாரம் பெரிய கம்பெனிக்காரன் புதுசு இறக்குறான். ரசிகர்ங்க இப்பவே அவன் பக்கம் பாதி சாஞ்சாச்சு."

அதன்பின் வந்த மாலைகள்... எந்த மேட்டில் எந்த விரல் உட்காரும் என்று பார்க்க அவளுக்கு ஒரு கை தேவைப்பட்டது. ஆபீசில் கைகளுக்கா பஞ்சம்? இருந்தும் வாத்தியாரின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பூங்காவுக்கே போனாள். ரப்பரில் செதுக்கிய மேடுகளைப் பை நிறையக் கொண்டு போவாள். அவன் பெஞ்சில் மல்லாந்து படுப்பான். நடந்து போகிறவர்கள், "தம்பிக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று விசாரிப்பார்கள்.

"இல்லங்க, மூளைதான் கொஞ்சம்..." என்பாள் இவள்.

"சுண்டுவிரலுக்கு இடமே இல்ல" என்பான் அவன்.

"இருக்கு. இங்க வைங்க."

"எங்க?"

"இங்க!" என்று அவன் விரலைப் பிடித்துப் பதித்தாள். பதித்த விரலை எடுக்க மறந்தாள். அவனும் நினைவுபடுத்தவில்லை. ஒரு தூறல் வந்து இருவர் கையிலும் விழுந்தபோதுதான்... "மெஷின் நனையுது" என்று அவசரமாகப் பிடுங்கிக்கொண்டாள். நனைந்தது மெஷின் மட்டுமா என்ன?

மேடு சரியாக அமைந்த அன்று அவன் கண்ணை மூடிக்கொண்டு மெஷினைப் பிடித்துப் பார்த்தான். "இப்போ தூங்கிட்டாக்கூட விழாது" என்றான். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய நாளில்கூட இப்படி இல்லை, அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியீட்டுக்கு முந்திய வாரம் அவனாகவே அவளைக் கூப்பிட்டான். பெஞ்சில் படுக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"விமர்சனத்துக்குன்னு உங்க மெஷின் ஒண்ணு என் வீட்டுக்கு வந்திருக்கு."

"உங்களுக்கு எதுக்கு வரணும்? அது எழுதுறவங்களுக்குத்தானே..." பாதியில் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். டீ புரையேறியது நினைவுக்கு வந்தது. "நீங்களா?"

"நான்தான். மூணு மார்க்."

"இத்தனை நாள் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"முதல் நாளே சொல்ல நெனச்சேன். கையில கெடைச்சான்னா... ன்னு நீங்க ஆரம்பிச்சீங்க. பயமாயிருந்துச்சு. அப்புறம் வேற பயம் வந்துடுச்சு."

"என்ன வேற பயம்?"

அவன் பேச்சை மாற்றினான். "நான் இதை எழுதப் போறதில்ல" என்றான். "சொந்தக்காரங்க பரீட்சை எழுதினா அந்தப் பேப்பரை நாங்க திருத்தக் கூடாது. எங்க ஸ்கூல் வழக்கம்."

சொந்தக்காரங்க... அந்த ஒரு சொல் அவளுக்குள் குபுக்கென்று பொங்கியது. அதை அமுக்கிக்கொண்டு கோபம் மேலே வந்து உட்கார்ந்தது.

"எழுதலேன்னா? எல்லா மெஷினுக்கும் எழுதுன ஆளு எங்களுக்கு மட்டும் வாயைப் பொத்திக்கிட்டா, ஒரு வார்த்தைக்குக்கூட லாயக்கில்லன்னுதான் ரசிகர்ங்க நெனப்பாங்க. எழுதினாலும் கஷ்டம். நாளைக்கு நம்ம விஷயம் தெரிஞ்சா நான் பல்லைக் காட்டி மார்க் வாங்கினேன்னு சொல்வாங்க. எங்க வீட்டுல யாரும் படிச்சதில்ல சார். நான் வாங்குன ஒவ்வொரு மார்க்கும் நானே வாங்குனது. இதையும் நானே வாங்கிக்கிறேன். எழுதுங்க. எனக்காக ஒண்ணு கூடவும் வேணாம், குறையவும் வேணாம். அதுவரைக்கும் என் கண்ணுல படாதீங்க."

விறுவிறுவென்று நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். கழுத்து அவள் பேச்சைக் கேட்கவில்லை. அவன் அங்கேயே மழையில் நின்றுகொண்டிருந்தான்.

வீட்டில் அவள் முகத்தை முதலில் படித்தது அம்மாதான். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அந்தப் போனை நீ மொறைக்கிற மொறைப்புல சார்ஜே எறங்கிடும். யாருடி?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவனுக்கா இவ்ளோ கோவம்?"

"...ஒரு வாத்தியார்மா."

அம்மா மிதிப்பதை நிறுத்தினாள். "நம்ம குடும்பத்துல வாத்தியாரைக் கண்டா ஓடிப்போனவங்கதான் எல்லாரும். உங்கப்பா சுவரேறிக் குதிச்சு ஓடினாரு. நீ ஒருத்திதான் எதுத்து நின்னிருக்கே." மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். "நல்லவனா?"

"ரொம்ப" என்று வாய் முந்திக்கொண்டது.

வெளியீட்டு நாள் காலை ஆபீசே போனும் கையுமாக இருந்தது. விடியற்காலையிலேயே விமர்சனங்கள் வந்திருந்தன. பெரிய கம்பெனியின் மெஷினுக்கு அவன் எப்போதும்போல் மார்க் போட்டிருந்தான். இவர்களுடையதற்கு மார்க் இடம் காலியாக இருந்தது. கெடு சாருக்கு முகம் வெளிறியது. அவள் படித்தாள்.

'இந்த மெஷினைச் செய்தவர்களில் ஒருவரை எனக்குப் பிடிக்கும். அதனால் மார்க் போடும் தகுதியை நான் இழந்துவிட்டேன். நிறைகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத மாட்டேன், நீங்கள் நம்பக் கூடாது. குறைகளை மட்டும், ஒன்று விடாமல் எழுதுகிறேன்.'

எழுதியிருந்தான், பாவி! டிவி ஸ்டாண்டிலிருந்து இழுக்கும்போது சிக்குகிறது. சத்தம் முழுதாக வைத்தால் கரகரக்கிறது. மெனு எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது. அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அவளுக்குப் பற்றி எரிந்தது, ஏனென்றால் மூன்றும் உண்மை.

ஆனால் கீழே ரசிகர்கள் பொங்கிக்கொண்டிருந்தார்கள். 'இவன் பூதக்கண்ணாடி வச்சுத் தேடியும் இவ்ளோதான் கெடைச்சுதா?' 'போன தடவை பக்கம் பக்கமா திட்டினானேய்யா!' 'குறை மூணுதான்னா மிச்சமெல்லாம் நல்லாத்தானே இருக்கணும்? கிளம்புங்கடா கடைக்கு!'

கெடு சார் ஜன்னலருகே ஓடினார். கீழே தெருவில் கம்பெனியின் சொந்தக் கடை இருந்தது. அதன் வாசலில் வரிசை தொடங்கி, தெருமுனை திரும்பி, கண்ணுக்கு எட்டாமல் போயிருந்தது. குடைகள்... குடைகள்... குடைகள்.

"அம்மா பட்டாசு" என்றார் கெடு சார், ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே. "நம்ம பிரிவை மூட மாட்டாங்கம்மா."

அவள் அங்கே இல்லை. மாடிப்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். வரிசையின் நடுவில், குடையில்லாமல், ஒரு தலை நனைந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்குத்தான் மெஷின் அனுப்பியிருந்தோமே, வரிசையில எதுக்கு நிக்கிறீங்க?"

"திருப்பி அனுப்பிட்டேன். சும்மா வந்ததைக் கையில வச்சுக்கிட்டு உங்க முகத்துல முழிக்க முடியாது."

"ஸ்டாண்டு சிக்குதுன்னு எழுதிட்டீங்க."

"சிக்குதுங்க."

"சிக்குது. அதான் எரியுது!" கண்ணில் நின்றது மழையா வேறா என்று அவளுக்கே தெரியவில்லை. "பின்மூடியைப் பத்தி ஒரு வரி... ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"அதை எழுத ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுன்னுதான்..." அவன் குரல் இறங்கியது.

முன்னால் வரிசை நகர்ந்தது. அவன் நகரவில்லை.

"என்னைப் பிடிக்கும்னு ஊருக்கே எழுதினீங்க. என்கிட்ட சொன்னீங்களா?"

"கண்ணுல படாதேன்னு சொன்னீங்களே..."

"நான் ஆயிரம் சொல்வேன்! எனக்குக் கோவம் வந்தா வாய்க்கு வந்தது வரும். நீங்க அதையெல்லாம் வேதவாக்கா எடுத்துக்கிட்டா நான் எப்டி உங்களைக் கட்டிக்கிட்டுக் காலம் தள்றது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சுற்றிலும் குடைகள் ஒவ்வொன்றாக இவர்கள் பக்கம் திரும்பின. முகம் சிவந்து நிலம் பிளக்காதா என்று பார்த்தாள். நிலத்துக்கு வேறு வேலை இருந்தது.

அவன் மெல்ல அவள் கையைப் பற்றினான். இந்த முறை அவள் பிடுங்கிக்கொள்ளவில்லை.

"இனிமே உங்க கம்பெனி மெஷின் எதையும் நான் எழுதவே முடியாது" என்றான்.

"எழுதாதீங்க. குறையை வீட்டுல சொல்லுங்க."

"தினமுமா?"

"தினமும். சண்டை போடுவேன், சொல்லிட்டேன்."

பின்னால் நின்ற பெரிய குடைக்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, நகரு! அதென்ன, அந்தப் பொண்ணு நடுவுல வந்து நுழையுது? நாங்கல்லாம் காலையிலேர்ந்து நிக்கிறோம், தெரியுதா?"

அவன் அவளைத் தன் பக்கமாக நகர்த்தி நிறுத்திக்கொண்டு, திரும்பி, ரொம்பப் பணிவாகச் சொன்னான்:

"தப்பா நெனைக்காதீங்கம்மா... நாங்க ஒரே குடும்பம்."