ஐந்து தட்டுகளும் ஒரு தும்மலும்

வகுப்பில் அவளைப் ‘பட்டியல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப் பைக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதற்குக்கூட ஒரு பட்டியல் வைத்திருப்பவள்.

அறிவியல் கண்காட்சிக்கு அவளையும் ‘தும்மல்’ என்ற தோழியையும் ஒரு குழுவாகப் போட்டிருந்தார் டீச்சர். தலைப்பு, ‘நம் காலுக்கு அடியில் பூமி.’ தும்மலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் முழுவதும் சளி, காய்ச்சல் என்று அவள் பள்ளிக்கே வரவில்லை. அதனால் பட்டியல், வேலைகளைப் பிரித்து ஒரு சீட்டில் எழுதி, தும்மலின் அண்ணனிடம் கொடுத்தனுப்பினாள்.

‘நான்: களிமண், டிரே, படம். நீ: தட்டு ஐந்து.’

கண்காட்சி நாள் காலையில் தும்மல் மூச்சு வாங்க வந்து, ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தாள். டங்!

“என்னடி இது?”

“தட்டு. அஞ்சு இருக்கு, எண்ணிப் பாத்துக்கோ.”

பளபளவென்று ஐந்து எவர்சில்வர் தட்டுகள். பக்கத்து மேசையில் காகித எரிமலைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த நெட்டை எட்டிப் பார்த்தான்.

“இங்க சாப்பாடு போடறாங்களா? எனக்கு முதல் பந்தியில இடம் போடுங்க!”

வகுப்பே சிரித்தது.

“ஐயோ, இந்தத் தட்டு இல்லடி! பூமியோட மேல்பக்கம் ஒரே ஓடா இல்ல. பெரிய பெரிய துண்டா உடைஞ்சிருக்கு. அந்தத் துண்டுக்குப் பேருதான் தட்டு. அதை அட்டையில வெட்டிட்டு வரணும்!”

தும்மலின் முகம் சுருங்கிவிட்டது.

“எனக்கெப்படித் தெரியும்? அந்தப் பாடம் நடத்தினப்ப நான் போர்வைக்குள்ள கெடந்தேன். வீட்டுல இருந்த எல்லாத் தட்டையும் எடுத்துட்டு வந்துட்டேன். அப்பா டிபன் பாக்ஸ் மூடியில சாப்பிட்டுட்டு வேலைக்குப் போனாரு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையைத் தூக்கினாள். “நான் வீட்டுக்குப் போறேன். நீயே தனியா செஞ்சுக்கோ.”

பட்டியல் அவள் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தாள். தன் கையெழுத்துதான். ‘தட்டு ஐந்து.’ அட்டை என்ற சொல்லே அதில் இல்லை.

“இருடி. தப்பு உன் மேல இல்ல, என் சீட்டு மேல. தட்டுன்னு எழுதினா தட்டுதானே வரும்?” என்றாள். “பையை வை. இருக்கிறதை வச்சே பாப்போம்.”

பார்வையாளர்கள் வர அரை மணி நேரம்தான் இருந்தது. கையில் அட்டையும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை.

டிரேயில் களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் இரண்டு தட்டுகளை வைத்தார்கள். நடுவில் ஈரக் கைக்குட்டை. இருவரும் ஆளுக்கொரு பக்கமிருந்து தள்ளினார்கள். கைக்குட்டை மடிப்பு மடிப்பாக எழுந்து நின்றது.

“மலை!” என்றாள் தும்மல். அவள் மூக்கு உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தாள்.

கைக்குட்டையை எடுத்துவிட்டு, ஒரு தட்டை மற்றதன் அடியில் நுழைத்தார்கள். பாதியில் விளிம்போடு விளிம்பு மாட்டிக்கொண்டது. தும்மல் அழுத்தித் தள்ள, சட்டென்று விடுபட்டு, டங்!

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அட்டையில இது வராதுடி!” என்றாள் பட்டியல். நிலநடுக்கம் எப்படி வருகிறது என்று தும்மலுக்குச் சொல்லிக்கொண்டே, தன் பென்சில் பெட்டியிலிருந்த ரப்பர்களை எல்லாம் எடுத்து, மேல்தட்டில் வீடுகளாக நிறுத்தினாள்.

சற்று நேரத்தில் தலைமையாசிரியை வந்தார். பட்டியல் படத்தைக் காட்டி விளக்கினாள்.

“வெளியில மேலோடு, அதுக்குக் கீழ கவசம், நட்ட நடுவுல கருவம். கவசம் பாறைதான் மேடம். ஆனா சூட்டுல ரொம்ப ரொம்ப மெதுவா நகரும். அதுக்கு மேல இருக்கிற தட்டுகளும் நகரும்.”

“எவ்வளவு வேகமா?”

“நம்ம நகம் வளருதே, கிட்டத்தட்ட அந்த வேகம்.”

தலைமையாசிரியை தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். “இவ்வளவு மெதுவா நகர்ந்தா நிலநடுக்கம் எப்படி வருது?”

“அதை இவ சொல்லுவா” என்று பட்டியல் நகர்ந்து வழிவிட்டாள்.

தும்மல் தட்டை மெல்லத் தள்ளினாள். விளிம்பு மாட்டிக்கொண்டது. “இப்படி மாட்டிக்கும் மேடம். ஆனா தள்ளுறது நிக்காது. அழுத்தம் சேர்ந்துக்கிட்டே இருக்கும்…”

“எப்ப விடுபடும்?”

“அது யாருக்கும்… முன்னாடியே…” அவள் மூக்கு துடித்தது. கண்கள் மூடின. “தெரி… ஹ… ஹச்சூ!”

டங்! தட்டு துள்ளியது. ரப்பர் வீடுகள் அத்தனையும் கவிழ்ந்தன. ஒன்று நேராகப் போய் நெட்டையின் எரிமலைக்குள் விழுந்தது.

“இப்படித்தான் மேடம்” என்றாள் தும்மல், மூக்கைத் துடைத்தபடி. “சொல்லிட்டு வராது.”

தலைமையாசிரியை சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்தவர்களும் ஓடி வந்தார்கள். அதன்பிறகு அந்த மேசையில் கூட்டம் குறையவே இல்லை.

“எனக்கும் ஒரு தடவை தள்ளத் தர்றீங்களா?” என்று நெட்டை வந்து நின்றான்.

“வரிசையில வா” என்றாள் தும்மல். “முதல் பந்தி முடிஞ்சிடுச்சு.”

மாலையில் இருவரும் தட்டுகளில் ஒட்டியிருந்த களிமண்ணைக் குழாயடியில் கழுவினார்கள். பட்டியல் புதுச் சீட்டு ஒன்றை எழுதித் தோழியின் பையில் போட்டாள்.

‘தட்டு ஐந்து. எவர்சில்வர். சோறு சாப்பிடுவது. அப்பாவிடம் சேர்க்கவும்.’