பன்னிரண்டாம் தேதித் தாள்

6.10க்கு எழுந்தேன். பல் துலக்கினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். 7.02க்கு என் மனைவியின் போனில் இன்சுலின் ஆப்பைத் திறந்து, ‘மருந்து செலுத்து’ பட்டனை அழுத்தினேன். அவள் உடம்பில் மாட்டியிருந்த இன்சுலின் பம்ப் மேசைமேல் காலியாகக் கிடந்தது. திரையில் அசைவே இல்லை. பதினைந்து விநாடி கழித்து ‘ஏற்கப்பட்டது’ என்று வந்தது. நாற்பது நாளாக இதுதான் என் காலை.

அவள் இறந்த அன்று நான் 6.50க்கே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மூன்று வேளை மருந்து ஒன்றாக ஏறியிருந்தது. ஆப்பின் பதிவில் மூன்று அழுத்தல்கள்: 7.02.04, 7.02.07, 7.02.10. ‘பயனாளியின் கவனக்குறைவு’ என்றது ஆப் நிறுவனம். இன்று விசாரணை அதிகாரி அதை ஏற்றால் கோப்பு மூடப்படும். அவள் பெயரில் அந்த வரி நிற்கும். ஆப்பும் அப்படியே இருக்கும்.

மாமனார் போன் செய்தார். “விட்டுருங்க மாப்ள. பெரிய இடம். மோதினா நம்ம மண்டைதான் உடையும்.”

“உடையட்டும் மாமா.”

10.30. விசாரணை அறை. அதிகாரி ஒரு பெண்மணி. எதிரே நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர், பக்கத்தில் அவருடைய சோதனையாளர், நடுவயதுக்காரி.

“முறைப்படி சோதிச்சிருக்கோம் மேடம்.” தலைவர் மூன்று தாள்களை வைத்தார்.

முறை எனக்கும் தெரியும். வங்கி ஆப்புகளுக்கு நான் செய்யும் வேலை அதுதான். திரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பத்து விதிகள், சோதிக்க மூன்று பேர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக உட்கார்ந்து குறை தேட வேண்டும்.

தாள்களின் தேதி, அவள் இறப்பதற்கு முந்தைய வாரத்து எட்டு, ஒன்பது, பன்னிரண்டு. மூன்றிலும் முதல் வரி ஒன்றே: ‘அழுத்தியதும் திரையில் சக்கரம் சுற்றுகிறது. வேலை நடப்பது பயனாளிக்குத் தெரிகிறது. நன்று.’

“ஆப்போட புது வெர்ஷன் எப்ப வந்துச்சு?” என்றேன்.

“பத்தாம் தேதி.”

“என்ன மாத்தினீங்க?”

“ஒண்ணுமில்ல. மேல்பூச்சு.”

“அப்ப புதுசைச் சோதிச்சது பன்னிரண்டாம் தேதித் தாள் மட்டும்தான்?”

“ஆமா. அதுலயும் குறை இல்ல. எழுத்துக் கூட்டியாவது படிச்சுப் பாருங்க.”

“படிச்சேன்.” அவள் போனை அதிகாரியிடம் நகர்த்தினேன். “நீங்களே அழுத்துங்க மேடம்.”

அழுத்தினார். காத்திருந்தார். மறுபடி அழுத்தினார்.

“ரெண்டு வேளை மருந்து ஏத்திட்டீங்க.”

அவர் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “சக்கரம் எங்க?”

“இந்த போன்ல இருக்கிறது பத்தாம் தேதி வெர்ஷன். அதுலயே எடுத்தாச்சு. பன்னிரண்டாம் தேதி இல்லாத சக்கரம் எப்படிச் சுத்துச்சு?”

சோதனையாளர் தலையைக் குனிந்துகொண்டார். “அன்னிக்கு நான் லீவு மேடம்.”

“கையெழுத்து உங்களுதுதானே?” என்றார் அதிகாரி.

“ஒன்பதாம் தேதித் தாளையே தேதி மாத்தி வச்சிருந்தாரு. வந்ததும் போடச் சொன்னாரு. போட்டுட்டேன்.”

“யாரு?”

சோதனையாளர் தலைவரைப் பார்த்தார்.

“சக்கரத்த எடுத்தது இவரு,” என்றேன். “எடுத்தப்புறம் யாருமே சோதிக்கலங்கிறத மறைச்சதும் இவருதான். மூணு தடவ அழுத்தின பிறகும் ஒன்பது விநாடி திரை ஊமையா இருந்திருக்கு. 7.02.19க்குத்தான் ‘ஏற்கப்பட்டது’ன்னு வந்திருக்கு, அதுவும் ஒரே தடவ. அவ ஒரு வேளை மருந்துதான் ஏறிச்சுன்னு நெனச்சா.”

“சக்கரம் சுத்தினா ஆப் மெதுவா இருக்குன்னு ஜனங்க குறை சொல்றாங்க சார்!” தலைவரின் குரல் உயர்ந்தது. “உங்க மனைவியே ஒத்துக்கிட்டாங்க. 7.04க்கு எங்க உதவி எண்ணுல குரல் பதிவு விட்டிருக்காங்க. ‘தவறாக அழுத்தியதாகக் கூறினார்’னு குறிப்பு இருக்கு.”

“குறிப்பு வேணாம். குரலப் போடுங்க.”

“அதுக்கெல்லாம் மேலிடத்து அனுமதி...”

“போடுங்க,” என்றார் அதிகாரி.

11.20. மடிக்கணினியிலிருந்து அவள் குரல் வந்தது. அவசரமில்லாத, கொஞ்சம் கோபமான குரல்.

“ஹலோ, யாராவது எடுங்க. பட்டன அழுத்தினா ஒரு அசைவும் இல்ல. மூணாவது தடவதான் வாங்கிச்சு. நான் சரியாத்தான் அழுத்தினேன். வயசானவங்க இத வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? இன்னிக்கே சரி பண்ணுங்க. சாயங்காலம் திரும்ப போன் பண்ணுவேன், விட மாட்டேன்.”