உள்ளுக்குள் பேசிய சர்வர்கள்

குளிர்ந்த தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் தவிர வேறெதுவும் மணக்கக் கூடாத சர்வர் அறையில், எண்ணெயில் மாவு பொரியும் வாசனை வந்தது. அக்மரால் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். மதியம், கூட வேலை பார்த்த ஒரல்பெக்கின் காலி மேசையில் எண்ணெயில் பொரித்த ஷெல்பெக் ரொட்டி வைத்து, செத்தவருக்கு மணம் போய்ச் சேரட்டும் என்று எல்லோரும் பிய்த்துத் தின்றது உண்மைதான். ஆனால் அது வீட்டில் சுட்டு, ஆறிப்போய் வந்த ரொட்டி. இது இப்போதுதான் சட்டியில் விழுந்ததுபோல மணத்தது.

கஜகஸ்தானின் கரகந்தா நகரில் மாலையே இருட்டியிருந்தது. புரான் என்னும் பனிப்புயல் அடிக்கத் தொடங்கி, பனியை அள்ளி அள்ளி ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. வரிசையாக நிற்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, ஓரத்துப் பெட்டியின் விசிறி மட்டும் யாரோ மூச்சு வாங்குவதைப்போல ஏறி ஏறி இறங்கியது. அந்த ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் சர்வர்கள் குடித்தனம் நடத்தின. திரையில் ஒவ்வொன்றும் ஒரு கட்டம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று விட்டுவிட்டுத் துடித்தது.

ஒன்று, அடுக்குமாடி வாசல் கதவுகளைத் திறந்து மூடும் டொமோஃபோன் சர்வர். மற்றது ஒரல்பெக்கினுடையது.

போன புரானில் அவர் தன் கட்டடத்து வாசலிலேயே விறைத்துச் செத்தார். அன்று டொமோஃபோன் படுத்துவிட்டது; எத்தனை தடவை அழுத்தினாரோ, எந்த வீட்டிலும் மணி அடிக்கவில்லை. அக்மராலும் அதே கட்டடம்தான். இரண்டு மாடி மேலே, போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் ஃபயர்வாலின் திரையைப் பார்த்தாள். பச்சை. வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை. அது வாசலில் நிற்கும் காவல். ஒரே பெட்டிக்குள் நடக்கும் பேச்சு வாசலுக்கு வருவதே இல்லை. உள்ளேயும் ஒரு தடுப்பு வைக்கச் சொல்லி அவள் எத்தனையோ முறை நச்சரித்திருக்கிறாள். "ஒரே வீட்டு ஆளுங்களுக்கு நடுவுல என்ன பூட்டு, போ தங்கச்சி" என்று ஒரல்பெக் சிரித்தே மழுப்பிவிடுவார். அந்தத் தடுப்பை வைக்கத் தேவையான கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது.

மேலாளர் தூர்சினை அழைத்தாள்.

"அண்ணே, ஒரல்பெக் அண்ணன் சர்வர் டொமோஃபோன்கிட்ட பேசிக்கிட்டிருக்கு."

"பேசட்டுமே. உசுரோட இருந்தப்ப மட்டும் வாயை மூடிக்கிட்டா இருந்தான்?"

"வெளையாடாதீங்கண்ணே. அணைச்சிடவா?"

அவர் குரல் மாறியது. "தொடாத. செத்த நாற்பதாம் நாள் கழியட்டும்னு பேசி வச்சிருக்கோம்ல? செத்தவன் வீட்டு வெளக்கை அதுக்குள்ள யாராச்சும் அணைப்பாங்களா?"

இணைப்பு அறுந்தது.

அக்மரால் திரைக்குத் திரும்பினாள். டொமோஃபோன் கேமராக்களைத் திறந்தாள். முதல் கட்டடம், கதவு திறந்தது, பனி உள்ளே பறந்தது, ஆளில்லை, மூடிக்கொண்டது. அடுத்த கட்டடம். அதற்கடுத்தது. யாரோ வீடு தெரியாமல் ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியில் அவளுடைய கட்டடம். அந்தக் கதவு திறந்தது.

மூடவில்லை.

மேலே வீட்டில் அவள் மகள், எட்டு வயது தொமிரிஸ், தனியாக இருக்கிறாள்.

நாற்பதாவது ஐம்பதாவது, எல்லாம் நாசமாய்ப் போகட்டும். ஒரல்பெக்கின் சர்வரை அணைத்தாள். கட்டம் கறுத்தது. கோடு நிற்கவில்லை. இணையத்துக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினாள்; கதவுகளுக்குப் போவது வேறு கேபிள். ஃபயர்வாலில் போக்குவரத்து பூஜ்யம். கோடு மட்டும் முன்னைவிட வேகமாகத் துடித்தது. மிச்சமிருந்தது மின்சாரம்தான். பெட்டியின் பிளக்கைப் பிடித்தாள். பிடுங்கினால் நகரத்தில் பாதிக் கதவுகள் பூட்டிக்கொள்ளும். இந்தப் புரானில் எத்தனை பேர் வாசலில் நிற்பார்களோ. கை தயங்கியது.

கைபேசி அடித்தது. தொமிரிஸ்.

"அம்மா, மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"தொறக்காத. கண்ணு, சொல்றதைக் கேளு, யார் வந்தாலும் தொறக்காத."

"தொறந்துட்டேனே. புரான்ல யாரையும் வெளிய நிக்க வைக்கக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?"

"யாரு வந்திருக்கா?"

"ஒரல்பெக் மாமா. அல்மாத்தி போயிருக்காருன்னு சொன்னியே, வந்துட்டாரு." குரல் தாழ்ந்தது. "அம்மா, வீடெல்லாம் ஷெல்பெக் வாசனை. அடுப்படி பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. ஆனா அவரு கண்ணிமையில இருக்கிற பனி உருகவே மாட்டேங்குது."

"வெளிய ஓடு! பக்கத்து வீட்டுக்கு ஓடுடி!"

"என் கையைப் பிடிச்சிருக்காரும்மா. ரொம்பச் சில்லுன்னு..."

பிறகு காற்று. காற்று மட்டும்.

போதும். ஊரே வாசலில் நிற்கட்டும். அக்மரால் பிளக்கை இறுக்கிப் பிடித்தாள். கண் திரைக்குப் போனது.

கறுத்த கட்டத்தின் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. யாரும் உருவாக்காதது. இயங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் பெயர் எழுத்தெழுத்தாக வந்தது.

தொமிரிஸ்.

கோடு இப்போது அந்த இரண்டுக்கும் நடுவே துடித்தது. விசிறியின் பெரிய மூச்சுக்குள் சின்னதாக இன்னொரு மூச்சு கேட்டது. வேகமாக. பயந்துபோய்.

பிளக் அவள் கையில் இருந்தது. பிடுங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்த அறையிலிருந்து எந்தச் சத்தமும் வெளியே போகாது. வாசல் காவலின் திரையில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.