தூசிக் கிண்ணத்தில் பச்சை நூல்

சிறுவன் ஆரிப்பின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து டாக்டர் நெடுநேரம் கேட்டார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"வீட்ல என்ன வேலை செய்றீங்க?"

"தையல், டாக்டர்."

"அதான். துணிப் பஞ்சும் நூல் தூசியும் இந்தப் பிள்ளைக்குச் சுத்தமா ஒத்துக்கல. துடைப்பத்தால பெருக்கினா எல்லாம் மேல எழும்பி இவன் மூக்குக்குள்ளதான் போகும். தூசிய உறிஞ்சி எடுக்கிற மெஷின் இருந்தா ரொம்ப நல்லது."

ஆரிப்பின் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்த அவன் அக்கா இஃப்ஃபத், "எங்க வீட்ல இருக்கு டாக்டர்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா அவள் கையை மெல்ல அழுத்தினார். இஃப்ஃபத் வாயை மூடிக்கொண்டாள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஆரிப் அம்மாவின் மடியில் தூங்கிவிட்டான். அவனுக்கு ஐந்து வயது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவன் நெஞ்சிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. மருத்துவமனையில் அவனுக்கு மருந்துப் புகை வைத்தது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. பள்ளிக்கும் பாதி நாள் போகவில்லை.

"அம்மா, அத்தாவோட தூசி மெஷின் இருக்குதே" என்றாள் இஃப்ஃபத்.

"அது ஓடாது."

"ரிப்பேர் பண்ணலாமே?"

"அதத் தொடாத, இஃப்ஃபத்."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நெல்லித்தோப்பில் இருந்த அவர்கள் வீட்டுக்கு இரண்டே அறைகள். முன்னறையில் தையல் மெஷின். இஃப்ஃபத்தின் அப்பா ஷஹாபுதீன், அவள் அழைக்கும் அத்தா, அங்கே உட்கார்ந்துதான் தைத்தார். எட்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது அதே மெஷினில் அம்மா ஜஹபர் நிஷா தைக்கிறார். அத்தாவின் கத்தரிக்கோல், அத்தாவின் டேப், அத்தாவின் ஸ்டூல் எல்லாவற்றையும் அம்மா எடுத்துப் பயன்படுத்துகிறார். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் அந்தச் சின்ன வேக்குவம் கிளீனரை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது ஏன் என்று இஃப்ஃபத்துக்குப் புரியவே இல்லை.

சனிக்கிழமை காலை, தைத்து முடித்த நைட்டிகளைக் கொடுப்பதற்காக அம்மா தவளக்குப்பத்துக்குக் கிளம்பினார். ஆரிப்பையும் கூட்டிக்கொண்டார்.

"பதினொரு மணிக்கெல்லாம் வந்துடறேன். கணக்குப் பாடம் போட்டு வை."

இஃப்ஃபத் கணக்குப் போட்டாள். நான்கு கணக்கு முடிந்தது. ஐந்தாவது கணக்கில் பென்சில் நின்றுவிட்டது. அவள் ஸ்டூலை அலமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஏறினாள்.

வேக்குவம் கிளீனரின் மேல் தூசி படிந்திருந்தது. தூசியை எடுக்கிற மெஷினுக்கே தூசி! அதைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள். 'உய்ங்' என்று ஒரு சத்தம். இரண்டே நொடி. சிவப்பு விளக்கு மூன்று முறை மின்னி அணைந்தது.

சார்ஜரில் போட்டாள். விளக்கு எரியவே இல்லை. அரை மணி நேரம் காத்திருந்தாள். அப்போதும் எரியவில்லை.

தெருமுனையில் பூர்ணிமா அக்காவின் கடை இருந்தது. அக்கா செல்போன், மிக்ஸி, டார்ச் லைட் எல்லாம் பழுது பார்ப்பார். இஃப்ஃபத் வீட்டைப் பூட்டிவிட்டு, வேக்குவம் கிளீனரை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு நடந்தாள்.

"இன்னா இஃப்ஃபத், குழந்தை மாதிரி தூக்கினு வர்ற?" என்று சிரித்தார் பூர்ணிமா.

"இது ஓடல அக்கா. சார்ஜும் ஏறல."

பூர்ணிமா வாங்கிப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். "மோட்டார் நல்லா இருக்கு. பேட்டரிதான் போயிருக்கும். திறந்து பாத்துடலாம். மொதல்ல இந்தக் குப்பையக் கொட்டிடறேன்."

மெஷினின் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருந்தது. உறிஞ்சிய தூசியெல்லாம் அதில்தான் சேரும். பூர்ணிமா அதைக் கழற்றி, மேஜைக்குக் கீழே இருந்த குப்பைக்கூடைக்கு மேல் சாய்த்தார்.

வெயில் அந்தக் கிண்ணத்தின் மேல் பட்டது. சாம்பல் நிறத் தூசிக்கு நடுவே பச்சையாக ஏதோ சுருண்டு கிடந்தது.

நூல். கிளிப்பச்சை நூல்.

அந்தப் பச்சை எந்தப் பச்சை என்று இஃப்ஃபத்துக்குத் தெரியும். போன பெருநாளுக்காக அத்தா அவளுக்கு ஒரு கவுன் தைத்தார். அவர் கடைசியாகத் தைத்த துணி அதுதான்.

"அக்கா, கொட்டாதீங்க!"

கடையில் நின்ற இன்னொருவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டாள். பூர்ணிமா அப்படியே கையை நிறுத்தினார்.

"கொட்டல, கொட்டல. என்னம்மா ஆச்சு?"

இஃப்ஃபத் கிண்ணத்தை எட்டிப் பிடித்தாள். "அது... அத்தா எடுத்த தூசி."

பூர்ணிமா தலையசைத்தார். கிண்ணத்தை ஒரு கவரில் போட்டு, வாயை முடிந்து, அவள் கையில் கொடுத்தார்.

பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மூன்று திருகுகளைக் கழற்றியும் மெஷின் திறக்கவில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் நான்காவது திருகு ஒளிந்திருந்தது. அதையும் கழற்றியதும் உடம்பு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே நீல உறை போட்ட மூன்று செல்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒன்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"கிட்ட வராத. பாத்தியா, ஒரு செல் கசிஞ்சிருக்கு. இத்த வெச்சிக்கினா சார்ஜ் போட்ட?"

"வெடிச்சிருக்குமா அக்கா?"

"சூடாயிருக்கும். சில நேரம் தீயும் புடிக்கும். இனிமே ஓடாத சாமான சும்மா சார்ஜுல போடாத, சரியா?"

இஃப்ஃபத் வேகமாகத் தலையாட்டினாள்.

பூர்ணிமா கையுறை போட்டுக்கொண்டு பழைய பேட்டரியை எடுத்தார். அதன் முனைகளில் டேப் ஒட்டி, பழைய பேட்டரிகளுக்கென்று வைத்திருந்த தகர டப்பாவில் போட்டார். அதற்கு முன் அதன் மேல் எழுதியிருந்ததைக் குறித்துக்கொண்டார்.

"இதே வோல்ட்டு, இதே மாதிரி பின் இருக்கிற பேட்டரிதான் போடணும். மெட்ராஸ்லேர்ந்து வரவைக்கணும். அம்மாவுக்குத் தெரியுமா, நீ எடுத்துனு வந்தது?"

இஃப்ஃபத் தரையைப் பார்த்தாள்.

"போய்ச் சொல்லு. அவங்க சரின்னு சொன்னாதான் நான் பேட்டரிக்குச் சொல்வேன்."

வீட்டுக்குப் போகும்போதே வாசல் திறந்திருப்பது தெரிந்தது. அவளிடம் ஒரு சாவி, அம்மாவிடம் ஒரு சாவி. அம்மா வந்துவிட்டார்.

உள்ளே அம்மா ஸ்டூலின் மேல் நின்று, காலியான மேல்தட்டைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"இஃப்ஃபத், அது எங்க? யாருக்குக் குடுத்த? எங்க அது?"

அம்மாவின் குரல் அப்படி நடுங்கி அவள் கேட்டதே இல்லை. இஃப்ஃபத் கவரை நீட்டினாள்.

"கொட்டல அம்மா. அப்படியே இருக்குது."

அம்மா கீழே இறங்கி, கவரைப் பிரித்து, கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சத்தமே இல்லாமல் கண்ணீர் வழிந்தது.

"உன் கவுன தச்சி முடிச்சிட்டு, உங்க அத்தா கீழ உக்காந்து நூலையெல்லாம் இதால எடுத்தாங்க. 'நாளைக்குக் கொட்டிக்கலாம்'னு வெச்சாங்க. அப்புறம்தான்..."

அம்மா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"கேக்காம எடுத்துனு போனது தப்புதாம்மா" என்றாள் இஃப்ஃபத். "ஆரிப்புக்கு மறுபடியும் இழுப்பு வந்துடுமோன்னு பயமா இருந்துச்சி. புதுப் பேட்டரி போட்டா ஓடும்னு பூர்ணிமா அக்கா சொன்னாங்க."

பின்னறையிலிருந்து ஆரிப் இருமினான். ஒருமுறை. இன்னொரு முறை. இருவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேட்டரிக்குச் சொல்லச் சொல்லு. ஆனா இந்தக் கிண்ணத்த மட்டும் கேக்காத."

"கேக்க மாட்டேன்மா."

புதன்கிழமை பேட்டரி வந்தது. பள்ளி விட்டதும் இஃப்ஃபத் கடைக்கு ஓடினாள். பூர்ணிமா புதுப் பேட்டரியைப் பொருத்தி, முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். இந்தத் தடவை பச்சை விளக்கு நின்று எரிந்தது.

"எல்லாம் சரி. கிண்ணத்த மாட்டினா ஓடும். கிண்ணம் இல்லாம ஓட்டினா தூசி நேரா மோட்டாருக்குள்ள போயிடும்."

இஃப்ஃபத் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தையல் மெஷினின் ஓரத்தில் வைத்தாள். அம்மா பார்த்தார். திரும்பித் தையலைத் தொடர்ந்தார். இஃப்ஃபத் கிண்ணத்தைக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளே.

வியாழக்கிழமையும் அது அங்கேயே இருந்தது. ஆரிப் கட்டிலின் மேல் உட்கார்ந்து பொம்மை காரை ஓட்டினான். தரையில் உட்கார அவனுக்கு அனுமதி இல்லை. காரைத் தலையணை மேல் ஏற்றி, "ரோடு சரியில்ல" என்று முணுமுணுத்தான்.

இஃப்ஃபத் யோசித்துக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். காலியான ஜாம் பாட்டில் ஒன்று இருந்தது. அதைக் கழுவி, துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். நன்றாகக் காய்ந்ததும் அம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"அம்மா, நான் கிண்ணத்தக் கேக்கல. அதுல இருக்கிறத இதுல எடுத்து வெச்சிக்கலாமே? மூடி இறுக்கமா இருக்குது. ஒண்ணும் வெளிய போகாது."

அம்மாவின் கால் பெடலில் நின்றது. பாட்டிலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"ஆரிப்ப எங்கயாச்சும் உட்டுட்டு வா" என்றார் கடைசியில்.

இஃப்ஃபத் தம்பியைப் பக்கத்து வீட்டு ராஜாம்பாள் அத்தையிடம் விட்டு வந்தாள். இருவரும் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டார்கள். வாசல் பக்கம் செய்தித்தாளை விரித்து, அம்மா கிண்ணத்தை மெதுவாகக் கவிழ்த்தார்.

அம்மாவின் விரல்கள் பச்சை நூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன. பதினொன்று இருந்தன. துணியில் குறிபோடும் நீலச் சாக்பீஸின் சிறு துண்டு ஒன்று. பாதி உடைந்த வெள்ளைப் பொத்தான் ஒன்று. பிறகு வளைந்த ஊசி ஒன்று.

அம்மா அந்த ஊசியைத் தூக்கிப் பிடித்தார்.

"அட! இத்தத்தான் அன்னிக்கு உங்க அத்தா ஒரு மணி நேரம் தேடினாங்க. ஆரிப்தான் எடுத்து ஒளிச்சி வெச்சான்னு சண்டை."

"அவன் எடுக்கலன்னு அழுதானே!"

"ஆமா. பாவம், அவனுக்குச் சமாதானமா மிட்டாய் வாங்கித் தந்தாங்க."

துப்பட்டாவுக்குப் பின்னால் இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அம்மா கொஞ்சம் அழுதார். இஃப்ஃபத்தும் அழுதாள். யாரும் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை.

நூல்களும் சாக்பீஸும் பொத்தானும் ஊசியும் பாட்டிலுக்குள் போயின. தாளில் சாம்பல் நிறப் பஞ்சு ஒரு பிடி மிஞ்சியது.

"இதையும் போடட்டுமா அம்மா?"

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேணாம்மா. இது வெறும் தூசி."

தாளை நான்காக மடித்து, குப்பைக்கூடையில் அவரே போட்டார்.

கிண்ணத்தையும் வடிகட்டியையும் கழுவிக் காயவைத்து மாட்ட மறுநாள் ஆகிவிட்டது. அம்மாதான் பொத்தானை அழுத்தினார். மெஷின் உறுமியது. அம்மா முழங்காலிட்டு, தையல் மெஷினின் அடியில், கட்டிலின் கீழே, சுவர் ஓரங்களில் என்று மூலை மூலையாக எடுத்தார். எட்டு மாதப் பஞ்சு. கிண்ணத்தை இரண்டு முறை கொட்ட வேண்டியிருந்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் தைத்து முடித்ததும் அம்மாவோ இஃப்ஃபத்தோ அதை ஓட்டினார்கள். ராஜாம்பாள் அத்தை வீட்டில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வரும் ஆரிப், நேராகத் தரையில் உட்கார்ந்து கார் ஓட்டினான்.

அடுத்த வாரம் முழுக்க ஆரிப் பள்ளிக்குப் போனான். ஐந்து நாளும் போனான்.

அந்த வாரத்தின் முதல் நாள், திங்கட்கிழமை காலை, இஃப்ஃபத் தன் வகுப்பில் தமிழ்ப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கீழ்த்தளத்தில் ஆரிப்பின் வகுப்பு. அங்கே மிஸ் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். அடிக்கடி வராத பிள்ளை என்பதாலோ என்னவோ, அவன் பெயர் வந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே, "முஹம்மது ஆரிப், ஆப்சென்ட்" என்று அவரே சொல்லிவிட்டார்.

"நான் வந்திருக்கேன், மிஸ்!"

அந்தச் சத்தம் படிக்கட்டு ஏறி, வராந்தா தாண்டி, மேல்தளம் வரைக்கும் கேட்டது. இஃப்ஃபத்தின் வகுப்பே சிரித்தது. இஃப்ஃபத் பேனாவை வைத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவு சத்தமாகக் கத்த நிறைய மூச்சு வேண்டும். அவள் தம்பியிடம் அது இருந்தது.