பொட்டு ஒட்டிய கேமரா

ஆயுத பூஜையன்று மத்தியானம் வசந்தின் போனில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

எரியவே கூடாத புள்ளி அது. வசந்த் அன்னவாசல் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். ஜெராக்ஸ் கடை, அரிசி மண்டி, தையல் கடை என்று சுற்றுவட்டாரத்தில் ஏகப்பட்ட பேர் அவனை நம்பித்தான் கம்ப்யூட்டரைத் தொடுவார்கள். எல்லார் கம்ப்யூட்டரிலும் ஒரு ஆப்பைப் போட்டு வைத்திருந்தான். அங்கே கம்ப்யூட்டர் ஓடினால் இவன் போனில் அந்தக் கடையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். அணைத்தால் சாம்பல் நிறமாகிவிடும். பச்சையாக இருக்கும் கடைக்குள் உட்கார்ந்த இடத்திலிருந்தே நுழைந்து கோளாறைச் சரிசெய்துவிடுவான். எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு. தனித்தனியாக வைத்தால் எவன் ஞாபகம் வைத்துக்கொள்வது?

இன்றைக்கு ஒருத்தரும் கம்ப்யூட்டரைப் போட மாட்டார்கள். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சாத்தி, பொரிகடலை படைத்து அணைத்துவிட்டால், மறுநாள் கற்பூரம் காட்டித்தான் மறுபடி தொடுவார்கள். திருமயத்தில் தையல் கடை வைத்திருக்கும் ரம்லத் பீவிகூட, கடைப் பெண்கள் மெஷினுக்குச் சந்தனம் வைத்துக்கொள்ளட்டும் என்று லீவு விட்டுவிடுவார். பீவிம்மா என்றால் வசந்துக்குச் சிரிப்புதான் வரும். கம்ப்யூட்டர் நின்றுபோனால் உடனே போன் வந்துவிடும். "ஸ்கிரீன்ல என்ன தெரியுது, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்பான். அந்தம்மா ரன்னிங் கமென்ட்ரி மாதிரி ஆரம்பித்துவிடுவார்: "ஒரு வட்டம் சுத்துது தம்பி, சுத்துது, இன்னும் சுத்துது, இப்ப நின்னுருச்சு..."

போனில் அந்தக் கடைகளின் வரிசை முழுக்க இன்று சாம்பல். ஒன்றே ஒன்று பச்சை. 'கண்ணுசாமி டிடிபி, உள் ரூம்.'

அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த சத்யபிரியா செத்துப்போன நாளிலிருந்து அந்த உள் ரூம் பூட்டிக் கிடக்கிறது. அவள் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரின் ஒயரையே உருவிப் போட்டிருந்தார் கண்ணுசாமி. உருவிப் போட்ட கம்ப்யூட்டர் எப்படி ஓடும்? அவன் அவருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, சிஸ்டம் ஏதும் போட்டிருக்கீங்களா?"

"இன்னைக்கா? என்னப்பா வெளையாடுறியா? காலையிலேயே சாமி கும்பிட்டு, பூசணிக்காய் ஒடைச்சு, மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன். அந்தப் புள்ள சிஸ்டத்துக்கும் ஒரு பொட்டு வச்சேன். என்ன இருந்தாலும் அது கையால ஓடுன மெஷினு."

"உள் ரூம தொறந்தீங்களா?"

"தொறந்தேன். சாமி கும்பிட்ட எடத்தப் பூட்டக் கூடாதுன்னு சும்மா சாத்தி வச்சிருக்கேன். நாளைக்கு எப்படியும் தொறக்கத்தான் வேணும். அது தங்கச்சி தேவிப்ரியா வருது, திருச்சியிலேர்ந்து ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு. அக்கா படத்தை எவன் எடுத்தான்னு அந்த மெஷினுக்குள்ளயே இருக்குமாம்ல? நீயும் வந்துரு வசந்து. ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்."

"வாரேண்ணே" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு போனை வைத்தான்.

எவன் எடுத்தான் என்று தேட வேண்டியதே இல்லை. எடுத்தவன் இவன்தான்.

சத்யபிரியா கைப்பிள்ளைக்காரி. மத்தியானம் தங்கை தேவிப்ரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால், உள் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே பால் கொடுப்பாள். முதலாளி நல்லவர், அந்தப் பக்கமே போக மாட்டார். ஆனால் அவள் எதிரில் ஒரு கேமரா இருந்தது. கேமராவுக்குள் வசந்த் இருந்தான். என்னவோ உறுத்தி அவள் ஒரு நாள் தன் நெற்றிப் பொட்டை எடுத்துக் கேமராவின் மேல் ஒட்டிவிட்டாள். அன்றைக்கு இவன் எரிச்சலோடு போன் போட்டு, சர்வீஸ்காரன் தோரணையில் சொன்னான்: "அந்தப் பொட்ட எடுத்துருங்க. கேமரா சூடாகித்தான் சிஸ்டம் ஸ்லோ ஆவுது."

"அப்படியாண்ணே? தெரியாமப் போச்சுண்ணே" என்று உடனே எடுத்துவிட்டாள். அண்ணே என்று கூப்பிட்டவள்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும், செய்தவன் யார் என்பதைத் தவிர. யாரென்று காட்டாமல் ஒரு நம்பரிலிருந்து படத்தை முதலில் அவளுக்கே அனுப்பி, தன்னோடு பேசிப் பழகச் சொல்லிக் கேட்டான். அவள் காறித் துப்பினாள். வேறு நம்பரிலிருந்து கடைத்தெரு வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டான். புருஷன் வீட்டில் அவளையும் பிள்ளையையும் வெளியே தள்ளினார்கள். "இவளாத்தான் எடுத்து அனுப்பியிருப்பா" என்று டீக்கடையில் பேசினார்கள். கல் குவாரித் தண்ணீரிலிருந்து அவளைத் தூக்கியபோது வசந்தும் கூட்டத்தில் நின்றுதான் பார்த்தான். உச்சுக் கொட்டவும் செய்தான், பாவி.

நாளைக்கு அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால், எந்தப் போனிலிருந்து நுழைந்தார்கள் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். அப்புறம் இவனைக் கண்ணுசாமியே சும்மா விடமாட்டார். பச்சைப் புள்ளியை அழுத்தி உள்ளே நுழையப் பார்த்தான். திரை இருட்டாக வந்தது. முழு இருட்டுமில்லை, ஓரத்தில் மட்டும் மெரூன் நிறத்தில் ஒரு விளிம்பு தெரிந்தது. அழிக்கும் கட்டளை எதையும் அது ஏற்கவில்லை. நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை. சர்வீஸுக்காக முன் ஷட்டரின் மாற்றுச் சாவி ஒன்று இவனிடம் எப்போதும் இருக்கும்.

வெளியே வந்தபோது மழை கட்டியிருந்தது. சாயங்காலத்துக்கு முன்னாலேயே இருட்டி, கடைத்தெருவில் ஷட்டர்கள் எல்லாம் இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. கண்ணுசாமியின் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே குனிந்து நுழைந்து மறுபடி இறக்கிக்கொண்டான். அணைந்த கற்பூரம், நமுத்த பொரி, வாழையிலை, ஈரச் சந்தனம், அதோடு ஜெராக்ஸ் மெஷினின் மை வாடை எல்லாம் கலந்து மூச்சை அடைத்தது. மெயின் ஆஃப் ஆகித்தான் இருந்தது. போன் டார்ச் வெளிச்சத்தில், கண்ணுசாமி வைத்திருந்த குங்குமப் பொட்டுகள் பிரிண்டரின் நெற்றியில், கட்டிங் மெஷினின் நெற்றியில், கால்குலேட்டரின் நெற்றியில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மழை தகரக் கூரையில் இறங்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், உள் ரூமிலிருந்து, ஒரு மின்விசிறி சின்னதாகச் சுற்றும் ஓசை வந்துகொண்டிருந்தது.

யுபிஎஸ்ஸாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த யுபிஎஸ்ஸின் பேட்டரியைக் கழற்றி வேறொரு கடையில் மாட்டியவனே இவன்தான்.

கதவைத் தள்ளினான். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கரண்ட் ஒயர் பாம்பு உரித்த சட்டை மாதிரி தரையில் சுருண்டு கிடந்தது, எதிலும் செருகியிருக்கவில்லை. திரை இருட்டாக இருந்தது. அதன் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். உச்சியில் கேமரா. கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு, மெரூன் நிறத்தில் வட்டமாக. இவன் எடுக்கச் சொல்லி அவள் எடுத்த பொட்டு.

'கண்ணுசாமி ஒட்டியிருப்பாரு. கிழவனுக்கு வேற வேலையில்ல.' ஆனால் அந்த மனுஷன் வைத்தது குங்குமம்.

கும்பிட்ட மெஷினை இன்று தொடக் கூடாது என்று எங்கோ மனசு சொன்னது. அதை ஒரு கெட்ட வார்த்தையால் அடக்கிவிட்டு, சந்தனத்தை முழங்கையால் வழித்தெறிந்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஒரு வாடை கிளம்பி முகத்தில் அடித்தது. சூடான ஒயர் வாடை இல்லை. புளித்த பால் வாடை. பிள்ளை பெற்ற வீட்டில் துணி மூட்டையில் வருமே, அந்த வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கைத் திருகிப் பிடுங்கினான். வந்துவிட்டது. கேபிளும் அறுந்து வந்தது. அப்பாடா என்றான் வாய்விட்டு.

கையிலிருந்த டிஸ்க் நிற்கவில்லை. உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறந்த குழந்தையின் நெஞ்சு மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

கீழே போட்டான். திரை வெளிச்சமானது.

திரையில் வசந்த் இருந்தான். வியர்த்த முகம், திறந்த வாய், கையில் ஸ்க்ரூ டிரைவர். இவன் தலையை அசைத்தால் அதுவும் அசைத்தது. நேர் எதிரிலிருந்து, கேமரா இருக்கும் இடத்திலிருந்து எடுத்த படம். கேமராவிலோ பொட்டு ஒட்டியிருந்தது. அப்புறம் எந்தக் கண்ணால் அது இவனைப் பார்க்கிறது?

மவுஸை யாரும் தொடவில்லை. அம்புக்குறி நகர்ந்தது. அவசரமில்லாமல், ஒரு கூச்சமுமில்லாமல், இவன் அவள் திரையில் எப்படி நகர்த்துவானோ அப்படியே. படத்தைத் தேர்ந்தெடுத்தது. பெயர்களின் வரிசையைத் திறந்தது. அரிசி மண்டி. ஜெராக்ஸ். திருமயம் தையல் கடை. இவன் போட்டு வைத்த அதே வரிசை. அதே பாஸ்வேர்டு. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சாம்பல் புள்ளி பச்சையானது. ஊரெல்லாம் அணைத்து வைத்த கம்ப்யூட்டர்கள், பூவோடும் பொட்டோடும், ஒவ்வொன்றாகக் கண் திறந்தன.

"வேணாம்" என்றான். "வேணாம், வேணாம்."

"அண்ணே" என்றது குரல்.

ஸ்பீக்கரிலிருந்து இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து. பணிவான குரல், சந்தேகம் கேட்கிற குரல்.

"சிஸ்டம் ஸ்லோவா இருக்குண்ணே. பொட்ட எடுத்துறவா?"

திரும்பினான். ஒருவருமில்லை. தரையில் தண்ணீர் மட்டும், குவாரித் தண்ணீர் மாதிரி சாம்பல் கலந்து, கதவிலிருந்து இவன் கால் வரைக்கும். மறுபடி திரைக்குத் திரும்பியபோது கேமராவில் பொட்டு இல்லை.

வலது கண்ணில் சில்லென்றது.

நடுவில் ஒரு வட்டம். இருட்டு வட்டம். தேய்த்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். எரிந்தது. போகவில்லை. மிச்சமிருந்த கண்ணால் திரையைப் பார்த்தான். திரையில் இருந்த வசந்தின் வலது கருவிழி மேல் மெரூன் பொட்டு. கச்சிதமாக. இமை மூடவில்லை.

கதவு. கதவுக்கு ஓடணும்.

இடது கண்ணில் சில்லென்றது.

இருட்டு. மழைச் சத்தம். பால் வாடை. சுவரைத் தடவினான். ஈரம். கதவு இருந்த இடத்தில் சுவர். சுவர் இருந்த இடத்திலும் சுவர். கால் வழுக்கி அந்த நாற்காலியிலேயே விழுந்தான். அவள் நாற்காலி. எழுந்திருக்க முடியவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. தடவி எடுத்து, எங்கெங்கோ இழுத்து, எப்படியோ காதில் வைத்தான்.

"வசந்து தம்பி, நான் திருமயத்துலேர்ந்து பேசுறேன்." ரம்லத் பீவியின் குரல். இவ்வளவு நிம்மதியாக ஒரு மனுஷக் குரலை அவன் கேட்டதே இல்லை. "நாங்க இன்னைக்கு சிஸ்டத்தத் தொடவேயில்ல தம்பி. தானாப் போட்டுக்கிட்டு நிக்குது. ஆஃப் பண்ணாலும் அணைய மாட்டேங்குது. அதுல நீங்க இருக்கீங்க."

"பீவிம்மா! நான் கண்ணுசாமி அண்ணன் கடையில இருக்கேன். உள் ரூம்ல. யாரையாச்சும் அனுப்பி விடுங்க. எனக்குக் கண்ணு தெரியல."

"கண்ணுல என்னமோ ஒட்டியிருக்கே தம்பி. அதான் தெரியல போலருக்கு."

அவன் மூச்சு இரைத்தது. கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஆயிரம் தடவை கேட்ட கேள்வி, பழக்கத்தில் தானாக வாயில் வந்தது.

"ஸ்கிரீன்ல என்ன தெரியுது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"நீங்க சேர்ல இருக்கீங்க. பின்னாடி ஒரு புள்ள நிக்குது, தலையெல்லாம் நனைஞ்சு சொட்டுது. இது பேப்பர்ல படம் வந்துச்சே, அந்தச் சத்யபிரியா மாதிரில்ல இருக்கு! யா அல்லா... தம்பி, அது கையில பொட்டு அட்டை வச்சிருக்கு. ஒண்ணு உரிக்குது. ஒங்க மூக்குக்கிட்டக் கொண்டு வருது..."

சில்லென்றது. ஒரு பக்க மூக்கு அடைத்துக்கொண்டது.

"இன்னொண்ணு உரிக்குது தம்பி."

அடுத்த பக்கமும் அடைத்தது. அவன் வாயைப் பிளந்து காற்றை இழுத்தான். பால் வாடையும் குவாரித் தண்ணீரும் நாக்கில் கசந்தன.

"அட்டையில இன்னும் ஒண்ணுதான் இருக்கு" என்றார் ரம்லத் பீவி, அழுகையோடு. "பெருசா இருக்கு தம்பி. வாய மூடிக்குங்க. எதுக்கு இப்படித் தொறந்து வச்சிருக்கீங்க, வாய மூடிக்குங்களேன்..."