பதினான்காம் பெட்டியின் பல்

முதலில் போன் அலறியதா, அவள் இருமினாளா?

சரியாக ஞாபகம் இல்லை. இருமலைப் பின்னால் நானே சேர்த்திருக்கலாம். கதை சொல்கிறவன் புத்தி!

ஆனால் போனில் வந்ததாக அவள் பின்னால் என்னிடம் சொன்ன வார்த்தைகள் அப்படியே நினைவில் இருக்கின்றன.

"பல்லி... உனக்குக் காசநோய்!"

டைரக்டரின் குரல்.

பழைய புதைகுழி எலும்புகளில் அந்தக் காலத்து நோய்களைத் தேடும் ஆராய்ச்சிக்கூடம் அது. பல்லுக்குள் காய்ந்து போன ரத்தத்தில் கிருமியின் டி.என்.ஏ. பல நூறு வருடம் தங்கியிருக்கும். பல்லைக் குடைந்து அதை எடுப்பது அவள் வேலை. அதனால் 'பல்லி'. பெயர் வைத்தது டைரக்டர்தான். அவருடைய நகைச்சுவை அந்த உயரத்தில்தான் நின்றது.

"எனக்கா? எந்த டாக்டர் சார் சொன்னாரு?"

"உன் ரிப்போர்ட்டே சொல்லுது! நானூறு வருஷத்து எலும்புக்கூட்டுல புத்தம்புதுக் காசநோய்க் கிருமி எப்படி வரும்? நீ இருமியிருக்கே. பல்லுல ஒட்டிக்கிச்சு. ஆமா, பதினாலாம் பெட்டியை யாரைக் கேட்டுத் தொட்டே?"

"நீங்க அந்தக் கொள்ளைநோய்க் கண்டுபிடிப்புக்கு விருது வாங்கப் போயிருந்தீங்க சார். பதிமூணுல ஒண்ணும் கிடைக்கல. பக்கத்துப் பெட்டியைத் திறந்தேன்."





"மாதிரியைக் கெடுத்தது நான்தான்னு சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு. பல்லை சுத்த அறைக்கு எடுத்துட்டு வா. என் கண்ணு முன்னால அழிக்கணும்."

போன் செத்தது.

மாதிரியைக் கெடுத்தவள்! இந்தத் தொழிலில் அந்தப் பெயர் ஒருமுறை விழுந்தால் போதும். எந்த ஊர் ஆராய்ச்சிக்கூடமும் வாசலில் கூட நிற்க விடாது. படித்த படிப்பு, குடைந்த பற்கள், எல்லாம் போச்சு.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள். நிதானமாக. அப்புறம் நேராக எக்ஸ்ரே எடுக்கப் போனாள்.

"நெஞ்சு கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும்மா. யார் உங்களைப் பயமுறுத்தினாங்க?"

"ஒரு மேதை."

திரும்பி வந்து, ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னொரு சோதனை செய்தாள். அதன் முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு ஓர் இடத்துக்கும் போய் வந்தாள்.

சாயங்காலம்.

சுத்த அறை. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி, கண்ணாடி. உள்ளே வருகிற எல்லோரும் ஒரே அச்சு. ஓரத்தில் ஒரு வெள்ளை உடை சோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. டெக்னீஷியன்களைப் பார்ப்பது அவர் வழக்கமில்லை.

"பல்லு எங்கே?"

நீட்டினாள்.

"எனக்கு நோய் இல்ல சார். எக்ஸ்ரே எடுத்துட்டேன்."

"அப்போ வேற எவனோ இருமியிருக்கான். பொறுப்பு உன்னோடதுதான்."

"அந்தக் கிருமி இன்னைக்கு இருக்கிற மாத்திரைக்கே அடங்காத ரகம் சார். மாத்திரை நிறையப் புழங்கினாத்தான் கிருமி அப்படி மாறும். நானூறு வருஷத்துக்கு முன்னால இவன் எந்த மெடிக்கல் ஷாப்ல வாங்கித் தின்னான்?"

"பெரிய கண்டுபிடிப்பு!"

"இருங்க, இன்னும் இருக்கு. பழைய டி.என்.ஏ. பொடிப் பொடியா உடைஞ்சு கிடக்கும். இதுல மனுஷனோட டி.என்.ஏ.வும் முழுசு முழுசா இருக்கு. யார் அழுக்கு கலந்துச்சுன்னு பார்க்கத்தானே நம்ம எல்லார் எச்சிலையும் எடுத்து வெச்சிருக்கீங்க? ஒப்பிட்டேன். என்னோடது ஒட்டல. உங்களோடது பாதி ஒட்டுது."

டைரக்டரின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

"முழுசா ஒட்டினா உங்க அழுக்கு. பாதி ஒட்டினா ரத்த உறவு. ஒட்டுற தினுசைப் பார்த்தா... உங்க கூடப்பிறந்தவன்! நாலு வருஷமா உங்க தம்பியைக் காணோம், கப்பல் வேலைக்குப் போயிட்டார்னு எங்ககிட்ட சொன்னீங்களே சார். எந்தக் கப்பல்? பதினாலாம் பெட்டியா?"



டைரக்டர் சிரித்தார். அற்பப் பூச்சியைப் பார்த்துச் சிரிப்பது போல.

"உனக்கும் மூளை இருக்கு பல்லி. என்ன பிரயோஜனம்? நம்ம தொழில்ல புது டி.என்.ஏ. கிடைச்சா என்ன பண்ணுவோம்? கைபட்ட குப்பைன்னு தூக்கிப் போடுவோம். எவனும் உட்கார்ந்து படிக்க மாட்டான். அதனாலதானே அவனை இங்கே கொண்டுவந்து வெச்சேன்!"

"கொன்னது நீங்களா?"

"கொள்ளைநோய்க் கண்டுபிடிப்பு அவனோடதாம்! மேடையில ஏறிச் சொல்லுவானாம்! மாத்திரையை முழுங்கிட்டு மூலையில கிடக்க வேண்டியவனுக்கு மேடை கேக்குது. நாலு வருஷத்துல என் தோட்டத்து மண்ணு அவனைச் சுத்தமா தின்னுடுச்சு. மிச்சத்துக்கு ஒரு பெட்டி போதும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் பல்லை ப்ளீச்சில் போட்டார்.

நுரை பொங்கியது.

"முடிஞ்சது. பெட்டியில மிச்சம் இருக்கிறதையும் ராத்திரியே எரிச்சுடுவேன். போய்ச் சொல்லு, யார்கிட்ட வேணும்னாலும். மாதிரியைக் கெடுத்தவ பேச்சை எவன் கேப்பான்?"

"நான் கேட்டேனே சார்."

ஓரத்து வெள்ளை உடை!

முகமூடி இறங்கியது. உள்ளே மீசை. மீசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர்!

"ஒரு பல்லைத்தானே கரைச்சீங்க? மிச்ச பல்லோட தாடை என் ஜீப்புல இருக்கு. நடங்க."

டைரக்டர் அவரையே வெறித்தார்.

"நீ... நீ டெக்னீஷியன் இல்லியா?"

"இத்தனை வருஷமா எந்த டெக்னீஷியன் மூஞ்சியையாவது பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

பிறகு நடந்தது இவ்வளவுதான்.

டைரக்டருக்கு ஆயுள் தண்டனை. விருதைக் கொடுத்தவர்கள் திரும்பக் கேட்டார்கள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். கண்டுபிடிப்பு தம்பியின் பெயருக்கு மாறியது. செத்த பிறகு. இன்ஸ்பெக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவள் அதே ஆராய்ச்சிக்கூடத்தில், அதே நாற்காலியில் பல் குடைகிறாள். 'பல்லி' என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

சிறையில் சேர்க்கும்போது டைரக்டரின் நெஞ்சையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய் இல்லை.

தம்பியிடமிருந்து அவர் எடுத்துக்கொள்ளாத ஒரே சொத்து அதுதான்!